பனிப்பதத்தில் கட்டிய புல்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். சன்னல் ஓரம் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மடியில் மடித்து வைத்திருப்பது கறுப்புக் கோட்டுத்தானே? அப்படியானால் சரியான சீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன். இல்லை, இல்லை, கேஸ் கொடுக்க வரவில்லை. கேஸ் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கொடுத்தது நான்.

யார் மேல் என்கிறீர்களா? அதோ, முன்னால் இரண்டாவது சீட்டில், இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன் மேல்தான். அவினாசியப்பன். என் சித்தப்பா மகன். பதினொரு மணிக்குக் காங்கேயம் போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. புகார் கொடுத்தவனும் வர வேண்டும், கொடுக்கப்பட்டவனும் வர வேண்டும். எங்கள் வேலாங்காட்டிலிருந்து காலையில் ஒரே பஸ். அதற்காக இரண்டு பேரில் ஒருவன் நடந்தா போக முடியும்?

அந்த சீட்டை அவனுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தப்பாக நினைக்காதீர்கள். கையில் கட்டோடு கம்பியைப் பிடிக்க முடியாது. பிரேக் போட்டால் விழுவான். விழுந்து மண்டை உடைந்தால் விசாரணையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதற்காகத்தான்.

என் பெயர் தெய்வசிகாமணி. புல் வியாபாரம். சிரிக்காதீர்கள். தேங்காய் விற்றால் வியாபாரி, மஞ்சள் விற்றால் வியாபாரி, புல் விற்றால் மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. காலையில் குடித்தீர்களே காப்பி, அதில் பால் எங்கிருந்து வந்தது? மாட்டிலிருந்து என்பீர்கள். மாட்டுக்கு எங்கிருந்து வந்தது? அங்கே இருக்கிறேன் நான்.

பதினெட்டு ஏக்கர் கொறங்காடு எனக்கு. கொறங்காடு என்றால் உழாத காடு. சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே முழுக்கக் கொழுக்கட்டைப் புல். கார்த்திகை மழைக்குத் தளதளவென்று கிளம்பும். பூ எடுத்ததும் வெட்டிக் காயப்போட்டால் வருடம் முழுக்க மாட்டுக்கு ஆகும். குதிரைக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. பல்லடம் பக்கத்தில் ரகுபதி என்று ஒருத்தர், ரேக்ளாப் பந்தயத்துக்காக எட்டுக் குதிரை வைத்திருக்கிறார். கொள்ளு யாரிடம் வேண்டுமானாலும் வாங்குவார். புல் என்னிடம்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காய்ந்த புல்லை மத்தியான வெயிலில் அள்ளினால் இலையெல்லாம் நொறுங்கி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது குச்சி. விடியற்காலையில் பனி இறங்கிப் புல் துவண்டு கிடக்கும்போது அள்ளினால் ஓர் இலை கொட்டாது. அதற்குப் பனிப்பதம் என்று பெயர். நாற்பது வருடமாகப் பனிப்பதத்தில்தான் அள்ளிப் போர் போட்டிருக்கிறேன். மாடு தின்றதா இல்லையா? ஒரு போராவது எரிந்ததா? வேலாங்காட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவினாசியைத் தவிர.

போன வருடம் கட்டு மெஷின் வாங்கினோம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால், தரையில் கிடக்கிற புல்லை வாரி, அமுக்கி, கயிறு சுற்றிப் பெட்டி பெட்டியாகத் தள்ளிவிட்டுப் போகும். வாங்கினோம் என்றேன், கவனித்தீர்களா? நானும் அவினாசியும். ஆளுக்குப் பாதி. மெஷினை நடுவில் அறுக்க முடியாது, நேரத்தைத்தான் அறுக்க வேண்டும். காலையில் ஒருவன் காட்டில், மத்தியானம் ஒருவன் காட்டில். மூத்தவன் நான். காலை எனக்கு என்றேன்.

அதற்கு அவன் சொன்னதைக் கேளுங்கள்.

"ண்ணா, தை மாசம் பனி கடுசா இருக்குமுங்ணா. நீங்க மத்தியானத்த எடுத்துக்கங்க. காத்தால நேரத்த நான் வெச்சுக்கறேன்."

எனக்குப் புரியாதா? பனிப்பதத்தைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு, இலை நொறுங்குகிற வெயிலை என் தலையில் கட்டப் பார்க்கிறான்! வாயில் அண்ணன், வயிற்றில் கத்தி. "எங்கப்பனும் உங்கப்பனும் பாகம் பிரிச்சதோட இந்த வேலையெல்லாம் முடிஞ்சுதுடா. காலை எனக்குத்தான்" என்றேன்.

"சரிங்ணா" என்றான். எதற்கும் அப்படித்தான். அடித்தாலும் சரிங்ணா, அணைத்தாலும் சரிங்ணா. அந்த மாதிரி ஆளைத்தான் நம்பக்கூடாது.

தை முழுக்க, கிழக்கு வெளுக்கும்போது மெஷின் என் காட்டில் இறங்கிவிடும். புல் பட்டுத்துணி மாதிரி மெஷினுக்குள் போகும். தூசி கிடையாது, இலை உதிர்வது கிடையாது. பதினொரு மணிக்கு மேல் அவன் காட்டில் போய்ப் பாருங்கள், ஒரே இலைத்தூள், தும்மல். அவன் கட்டை இடது கையால் தூக்கி வீசலாம். என் கட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். எது உயர்ந்த சரக்கு? நீங்களே சொல்லுங்கள்.

மயிலாத்தாள், என் வீட்டுக்காரி, ஒரு நாள் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நசநசங்குதே. தைப்பனி தரையத் தொளைக்கும்பாங்க" என்றாள்.

பழமொழி சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். தரையைச் சொல்லியாயிற்று, மச்சைச் சொல்லியாயிற்று. புல்லைத் துளைக்கும் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முன்னூற்று நாற்பது கட்டு. தகரக் கொட்டகையில் அடுக்கினேன். அடுக்கு என்றால் அடுக்கு, ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் கத்தி நுழையாது. கொட்டகையை ஒட்டியே மாடு கட்டுகிற கட்டுத்தரை. பதினோரு உருப்படி, எல்லாம் காங்கேயம் மாடு.

பத்து நாளில் கொட்டகையிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள். ஆலையில் வெல்லம் காய்ச்சுகிற வாசனை. வேலியோரத்து இட்டேரிப் பாதையில் போகிறவர்கள் நின்று மோந்துவிட்டுப் போவார்கள். காலையில் கட்டுகளுக்கு மேலே லேசாக ஆவி நிற்கும். எங்கள் வீட்டுப் பூனை அடுப்படியை விட்டுவிட்டுக் கட்டுகளின் மேலேயே குடியேறிவிட்டது. பூனை சாமானியத்தில் இடம் மாற்றாது. அதற்கே நல்ல சரக்கு தெரிந்திருக்கிறது.

ரகுபதிக்கு முப்பத்தேழு கட்டு வண்டியில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினார். "என்னங்க, நடுவுல பொகையில மாதிரி பழுப்பா இருக்குது? ஆனா ஒண்ணு, குதிரைங்க உட மாட்டீங்குது."

"அது பக்குவமுங்க" என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் அவினாசி உள்ளே வருகிறான். கவனமாகக் கேளுங்கள், என் புகாரில் முதல் பாயிண்டு இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை. நான் வாய்க்கால் பக்கம் போய்விட்டு வருகிறேன். கொட்டகைக்குள் தனியாக நின்றுகொண்டு, ஒரு கட்டை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சந்தில் கையை முழங்கை வரைக்கும் விட்டிருக்கிறான்.

"என்னடா பண்ற?"

"ண்ணா, உள்ள கொதிக்குதுங்ணா. கைய வெக்க முடியல. எல்லாத்தயும் பிரிச்சு வெயில்ல போட்றலாமுங்ணா. நான் ஆள் கூட்டியாறேன்."

"என்ற புல்லு சூடா இருந்தா உனக்கு எங்கடா எரியுது?"

"அதுக்கில்லீங்ணா..."

"அண்ணன் புல்லுல இலை நிக்குது, உன்ற புல்லுல குச்சி நிக்குது. அதான? போடா, போயி உன்ற குச்சிய எண்ணு."

"சரிங்ணா." போய்விட்டான். ஆளைக் கூட்டி வந்து என் அடுக்கைக் கலைக்கத் திட்டம் போட்டிருக்கிறான், பாருங்கள். நான் மட்டும் ஏமாந்திருந்தால் அன்றைக்கே கலைத்திருப்பான்.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. நான் வெள்ளகோவிலில் கயிறு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பட்டப்பகல், பதினொரு மணி. மயிலாத்தாள் போன்: "ஏனுங்க, கொட்டாய் எரியுதுங்க!" மொபெட்டை முறுக்கிக்கொண்டு வந்தேன். வருவதற்குள் தகரமெல்லாம் அப்பளமாகச் சுருண்டுவிட்டது. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறது. மாடுகள் பதினொன்றும் இட்டேரியில் நிற்கின்றன. வேப்பமரத்தடியில் அவினாசி உட்கார்ந்திருக்கிறான். முகமெல்லாம் கரி. இரண்டு கையும் கரி.

நீங்கள் சட்டம் படித்தவர். நாலு நாள் முன்னால் வந்து வேவு பார்த்த பங்காளி, எரிந்த இடத்தில், கை நிறையக் கரியோடு. கையும் களவுமாக என்று வேறு எதைச் சொல்வார்கள்?

மயிலாத்தாள் வேறு கதை சொன்னாள். மாட்டுச் சங்கிலியெல்லாம் அனலில் பழுத்துவிட்டதாம். யாரும் கிட்டப் போகவில்லையாம். இவன்தான் வேலியைத் தாண்டிக் குதித்து, உள்ளே நுழைந்து, பதினோரு சங்கிலியையும் வெறுங்கையால் கழற்றினானாம். "அந்தக் கையப் பாருங்க மொதல்ல" என்றாள்.

"தீ புடிக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சவனாலதான் அத்தன சீக்கிரம் ஓடியார முடியும்" என்றேன்.

அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், சத்தம் இல்லை. வீட்டில் அமைதி நல்லதுதான்.

தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் கம்பியால் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "வெளிய இருந்து பிடிக்கல சார். உள்ள இருந்து வந்திருக்கு. ஈரத்தோட கட்டி அடுக்கினீங்களா?"

அவர் கடற்கரைப் பக்கத்து ஆள். மீனைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

"நாப்பது வருஷமா இதே பதத்துல போர் போடறேனுங்க" என்றேன்.

"போர் மூச்சு விடும் சார். உதிரியாக் கிடக்கு, காத்து போய் வரும். மெஷின் கட்டு மூச்சு விடாது. சூடு உள்ளயே தங்கிடும்."

"புல்லு செத்துப் பத்து நாள் கழிச்சுத்தானுங்க கட்டறோம். அதென்ன மூச்சு?"

கம்பியில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

புகாரை நானே எழுதினேன். நாலு பக்கம், ஒரு பிழை கிடையாது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "தீ வெச்சான்னு சொல்றது சாதாரணக் குற்றமில்லீங்க. ஆளு வேற ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. குணமாயி வரட்டும், ரெண்டு பேரையும் கூப்புடறேன். அன்னிக்கு நீங்க இதே பேச்சுல நின்னீங்கன்னா, அவர அங்கிருந்தே ரிமாண்டுக்கு அனுப்பணும். யோசிச்சுக்கங்க" என்றார்.

"யோசிச்சுத்தானுங்க நாலு பக்கம் எழுதியிருக்கறேன்" என்றேன்.

அதெல்லாம் முந்தாநாள் வரைக்கும்.

முந்தாநாள் காலையில் ரகுபதி போன். "உங்க கட்டுல பொகை வருதுங்க. உடனே வாங்க." போனேன். குதிரைகளை எல்லாம் லாயத்திலிருந்து அவிழ்த்துத் தூரத்தில் தென்னையில் கட்டியிருந்தார். அவர் தின்னக் கொடுத்தது போக இருபத்தெட்டுக் கட்டு மீதி. ஒன்றை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். வெளியே பொன் நிறம். பிரித்தால் பழுப்பு. அதற்கும் உள்ளே கறுப்பு. நட்டநடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து, பொந்தைச் சுற்றிக் கரி. காற்றுப் பட்டதும் கரியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி ஊர்ந்தது. ரகுபதி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்.

"இங்க யாராச்சும் பீடி குடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"கட்டுக்குள்ள பூந்து உக்காந்தா குடிச்சாங்க?" என்றார். குதிரை வைத்திருக்கிறவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவினாசியின் கை பல்லடம் வரைக்கும் நீளாது. அந்த இரண்டு கையும் அப்போது ஆஸ்பத்திரியில் பஞ்சுக்குள் இருந்தது. அது எனக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. மீதி இருபத்தேழு கட்டையும் நானே வெயிலில் இழுத்துப் போட்டேன், நானே அறுத்தேன், நானே உதறினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. ஒருத்தரையும் தொட விடவில்லை. இதை எங்கள் பக்கத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் ரகுபதியிடம் கேட்டுக்கொண்டேன். உங்களிடம் சொல்வது வேறு. வக்கீலிடம் சொன்னது வெளியே போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இருக்கிறது அல்லவா?

புகாரை வாபஸ் வாங்கிவிடலாமே என்கிறீர்கள். நல்ல யோசனை. இன்ஸ்பெக்டர் காரணம் கேட்பாரே? காரணத்தைத் தாளில் எழுத வேண்டுமே? என்னவென்று எழுதுவது? ஈரத்தில் கட்டினேன் என்றா?

உங்களுக்கு இது புரியாது. டவுன்காரர் நீங்கள். எங்கள் பக்கத்தில் கொலைகாரனுக்குக்கூடப் பெண் கொடுத்திருக்கிறார்கள். காயாத புல்லைக் கட்டுகிறவனுக்கு ஒரு முழம் கயிறு இரவல் கொடுக்க மாட்டார்கள். இருபது வருடத்துக்குப் பேசுவார்கள். டீக்கடைக்குப் போனால் துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "ஈரமா இருக்குதுங்க, பாத்து உக்காருங்க" என்பார்கள். நான் செத்தால் சுடுகாட்டிலும் எவனாவது ஒருவன், "நல்லாக் காஞ்சுதான் இருக்கறாரா?" என்று கேட்பான். எனக்குத் தெரியும். இன்னொருத்தனுக்கு நடந்திருந்தால் நானே கேட்டிருப்பேன்.

சரி, புகாரில் நிற்பது என்றால்? அவன் பின்கழுத்தைப் பாருங்கள். முடியெல்லாம் கருகிப்போயிருக்கிறது. அந்தக் கழுத்தைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறுவான். ஏறும்போது என்னைப் பார்த்து சரிங்ணா என்பான். அதை என்னால் காதில் வாங்க முடியாது. பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. எரிச்சல்.

ஆகவே இரண்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். நானே கொளுத்தினேன் என்று சொல்லப்போகிறேன்.

ஏன் முழிக்கிறீர்கள்? என் புல். என் கொட்டகை. என் தீக்குச்சி. புல் மனசுக்குப் பிடிக்கவில்லை, கொளுத்தினேன். கொளுத்திவிட்டுக் கோபத்தில் பங்காளி மேல் பழியைப் போட்டேன். வெள்ளகோவிலில் கயிறு வாங்கிக்கொண்டு இருந்தேனே என்கிறீர்களா? பரவாயில்லை, கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். கிளம்பும்போதே அடியில் ஒரு கொள்ளிக்கட்டையைச் சொருகிவிட்டுப் போனேன் என்று சொல்வேன். மெதுவாகப் பிடித்திருக்கிறது. அதிகாரியும் உள்ளேயிருந்துதான் வந்தது என்றார், பொருந்துகிறது.

உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சொந்தப் புல்லைக் கொளுத்தினால் ஏதாவது செக்‌ஷன் உண்டா? பொய்ப் புகாருக்கு உண்டு என்று தெரியும். அதற்கு எத்தனை மாதம்? ம்... அவ்வளவுதானா? பார்த்துக்கொள்ளலாம். கொளுத்தினவன் என்று பேர் வாங்கினால் ஊர் ரெண்டடி ஒதுங்கி நிற்கும். ஒதுங்கி நின்று பார்ப்பது வேறு, சிரித்துக்கொண்டு பார்ப்பது வேறு.

ஒரே ஒரு சிக்கல்தான். இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பன்னிரண்டு நாளைக்கு அப்புறம் அவன் வாயைத் திறந்தான்.

"ண்ணா, ரகுபதி போன் பண்ணுனாருங்ணா."

பார்த்தீர்களா? வாய் நீளம் என்று சொன்னேனே!

"நீங்க ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க. அன்னிக்கு உள்ள வந்தப்ப நான்தான் பீடிய வீசிப்போட்டேன்னு சொல்லிப்போடறேன். தெரியாம நடந்ததுன்னா பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்களாமா. ஈரத்தப் பத்தி ஒருத்தரும் பேச வேண்டியதில்லீங்ணா."

இவன் பீடியைக் கையால் தொட்டதில்லை. பக்கத்தில் ஒருத்தன் பற்றவைத்தாலே இருமுகிற ஜாதி. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "காட்டுல பங்கு, கெணத்துல பங்கு, மெஷின்ல பங்கு. இப்பத் தீயிலயும் பங்கு கேக்கறியா? வாயத் தொறந்தீன்னா பல்லு இருக்காது" என்றேன்.

எப்போதும் சொல்வதைச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான்தான் மொதல்லப் போயிச் சொல்லுவேன். உங்கள அவமானப்பட உட மாட்டேன்" என்றான். என்ன திமிர் பாருங்கள்! என் அவமானத்தைக் காப்பாற்ற இவன் யார்?

என்ன, அதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டதா? எழுந்துவிட்டான், பாருங்கள், வண்டி நிற்பதற்குள் எழுந்துவிட்டான். கொஞ்சம் கையை எடுங்கள். ஏம்மா, கூடையை அக்கட்ட நகத்தி வைங்க. அவன் எனக்கு முன்னால் போய் உளறினால் அவர்கள் எழுதிவிடுவார்கள், ஒருமுறை எழுதினால் அப்புறம் அழிக்க முடியாது. டேய் அவினாசி! நில்லுடா! கண்டக்டர், அவன இறங்க உடாதீங்க! பீடியாம் பீடி! எந்தப் பீடிடா? ஈரத்துல கட்டுனது நான்டா! முன்னூத்தி நாப்பது கட்டும் நான் கட்டுனது!

என்னங்க எல்லாரும் பாக்கறீங்க? ஆமா, ஈரத்துலதான் கட்டுனேன். வேலாங்காட்டுத் தெய்வசிகாமணி. நல்லாப் பாத்துக்கங்க. இப்ப வழிய உடுங்க, நான் இறங்கணும்.